கிணற்றடிச் சென்சருக்குப் பாதுகாப்புச் சிப்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தேங்குவதுதான் எங்கள் கிணற்று நீர். அந்த நன்னீருக்கு அடியில் உப்புநீர் இருக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலே ஏறும். கோப்பாய், நீர்வேலி, உரும்பிராய் போன்ற செம்மண் ஊர்களில் தோட்டக் கிணறுகளின் நீர்மட்டத்தையும் உப்புத்தன்மையையும் வயர்லெஸ் சென்சர் வைத்து அளக்க விரும்பும் மாணவர்களுக்கும் கமக்காரர் அமைப்புகளுக்கும் இதை எழுதுகிறேன். இஎஸ்பி32 போர்டும் லோரா ரேடியோவும் வைத்து ஒரு வாசிப்பையாவது அனுப்பிப் பார்த்தவர் என்றால் போதும், செய்திக்கு முத்திரை போடும் இரகசிய எண்ணை, அதாவது சாவியை, தனக்குள் பூட்டி வைக்கும் பாதுகாப்புச் சிப் ஒன்றை அதோடு எப்படிச் சேர்ப்பது என்று இங்கே படிப்படியாகப் பார்க்கலாம்.

தண்ணீர் அளவையை யார் திருடப் போகிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. சுன்னாகம் பக்கக் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த விவகாரம் 2014, 2015 காலத்தில் எப்படிப் போனது என்று நினைத்துப் பாருங்கள். எந்தப் பரிசோதனை அறிக்கையை நம்புவது என்ற வாதம் நீண்ட நாள் நடந்தது. அளவை என்பது வெறும் எண் இல்லை; யாருடைய கருவி அளந்தது, இடையில் யாராவது மாற்றினார்களா என்று கேட்டால் பதில் சொல்லக்கூடியதாக அது இருக்க வேண்டும். அந்த வாசிப்பை வைத்து இறைப்பு மோட்டரைத் தானாக நிறுத்தவும் ஓட விடவும் போகிறீர்கள் என்றால் கேள்வி இன்னும் பாரமானது.

முதல் படி: பயத்தை எழுதுங்கள்

ஒரு தாளில், ஒவ்வொரு கணுவுக்கும் (கிணற்றில் வைக்கும் சென்சர், போர்டு, ரேடியோ சேர்ந்த ஒரு தொகுதி) என்ன நடக்கலாம் என்று எழுதுங்கள். கிணற்றுக்கட்டில் இருக்கும் பெட்டியை ஒருவர் கழற்றிக்கொண்டு போகலாம். யூஎஸ்பி வயரைச் செருகி, எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கும் கருவி ஒன்றால் ஃப்ளாஷ் நினைவகம் முழுவதையும் சில நிமிடத்தில் வாசித்துவிடலாம். இரகசியச் சாவியை நிரலுக்குள் எழுதி வைத்திருந்தால் அது அவர் கையில். எல்லாக் கணுவுக்கும் ஒரே சாவி போட்டிருந்தால் உங்கள் வலையமைப்பு முழுவதும் அவர் கையில். ஆரம்பநிலைத் திட்டங்களின் மாதிரி நிரல்களில் பெரும்பாலும் இப்படித்தான் சாவி கிடக்கிறது.

இரண்டாவது, ஒழுங்கையில் நின்றபடி ரேடியோச் செய்தியைப் பதிந்து, நாளைக்கு அதையே திரும்ப அனுப்பலாம். மூன்றாவது, நிரலை மாற்றிப் பொய் சொல்ல வைக்கலாம். நான்காவது, பெட்டியைத் தொடாமல் சென்சர் வயரை மட்டும் இழுத்துவிடலாம். முதல் மூன்றுக்கும் வன்பொருள் உதவும். நான்காவதுக்கு எந்தச் சிப்பும் உதவாது. அதற்குக் கிணற்றடியில் வேறு வேலை இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

இரண்டாம் படி: சிப்பைத் தேர்ந்தெடுத்தல்

சென்சர் வலையமைப்பில் குறியாக்கம் குறைவாக இருந்ததற்குக் காரணம், நல்ல முறை யாருக்கும் தெரியாதது அல்ல. சின்னச் சிப்பால் அதைத் தாங்க முடியவில்லை. 2004இல் வெளிவந்த ஓர் அளவீட்டில், 8 மெகாஹேர்ட்ஸ் ஏடிமெகா128 சிப், ஆர்எஸ்ஏ என்ற குறியாக்க முறையில் தனிச்சாவியால் (சொந்தக்காரரிடம் மட்டும் இருக்கும் சாவி) செய்யும் 1024 பிட் கணக்கு ஒன்றுக்கு ஏறத்தாழ 11 செக்கன் எடுத்தது. 2009 அளவில் அவுஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வாளர்கள், கணினிகளில் சாவிகளைப் பாதுகாக்க இருக்கும் டிபிஎம் சிப்பையே சென்சர் கணுவில் பொருத்தி அந்தச் சுமையை அதற்குக் கைமாற்றிக் காட்டினார்கள். இன்று அதற்கென்றே மலிவான சின்னச் சிப்புகள் வந்துவிட்டன.

பற்றரியில் ஓடும் கணுவுக்கு மைக்ரோசிப் நிறுவனத்தின் ஏடிஇசிசி608பி என் முதல் தெரிவு. எட்டுக் கால் சிப். உள்ளே 16 அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு சாவியோ தரவோ வைக்கலாம். கையொப்பத்துக்கான பி-256 நீள்வளையக் கணக்கு, தரவைச் சுருக்கும் எஸ்எச்ஏ-256, குறியாக்கும் ஏஇஎஸ்-128, சீரற்ற எண் உருவாக்கி எல்லாம் உள்ளேயே. உறங்கும்போது இழுக்கும் மின்னோட்டம் நானோ அம்பியர் அளவுதான், பற்றரிக் கணக்கில் அதைச் சேர்க்கவே தேவையில்லை. என்எக்ஸ்பியின் எஸ்இ050, இன்ஃபினியனின் ஒப்டிகா ட்ரஸ்ட் எம் ஆகியவையும் நல்லவை; ஆனால் முதல்முறை செய்பவருக்கு 608தான் எளிது, நூலகமும் மாதிரி நிரலும் நிறையக் கிடைக்கின்றன.

இஎஸ்பி32 உள்ளேயே சாவி வைக்க ஈஃப்யூஸ் (ஒரு தடவை மட்டும் எழுதக்கூடிய நினைவகம்) இருக்கிறதே, தனிச் சிப் எதற்கு என்று கேட்கலாம். 2019இல் ஆய்வாளர்கள் பழைய இஎஸ்பி32 சிப்பின் மின்னழுத்தத்தைக் கணநேரம் குலைத்து அந்த ஈஃப்யூஸ் சாவிகளை வாசித்துக் காட்டினார்கள். அதற்குப் பிறகு வந்த மூன்றாம் திருத்தத்தில் தடுப்புகள் சேர்க்கப்பட்டன. ஆகவே மூன்றாம் திருத்தமோ எஸ்3, சி3 போன்ற புதிய வகையோ வாங்குங்கள். கணுவின் அடையாளச் சாவியை மட்டும் தனிச் சிப்பிடம் விடுங்கள்.

ரேடியோவைப் பொறுத்தவரை ஒரு வார்த்தை: ஐரோப்பாவுக்கான 868, அமெரிக்காவுக்கான 915 என்று லோரா மொடியூல்கள் வேறு வேறு அலைவரிசையில் வருகின்றன. இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு எதை அனுமதிக்கிறது என்று கேட்டறிந்த பிறகே காசு கொடுங்கள்.

மூன்றாம் படி: மேசையில் இணைத்தல்

608 சிப் ஐ2சி வழியாகப் பேசும். 3.3 வோல்ட், தரை, எஸ்டிஏ, எஸ்சிஎல் என்று நான்கு வயர். இரண்டு சமிக்ஞை வயருக்கும் 4.7 கிலோஓம் இழுதடை (புல்-அப்). சிப்பின் மின்வழங்கல் காலுக்குப் பக்கத்தில் 100 நானோஃபரட் கொள்ளளவி. அடாஃப்ரூட், ஸ்பார்க்ஃபன் போர்டுகளில் இவை ஏற்கனவே இருக்கும்.

புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. வழக்கமான ஐ2சி தேடல் நிரலை ஓட்டினால் இந்தச் சிப் சில வேளை காட்டவே காட்டாது. காரணம், அது உறக்கத்தில் இருக்கிறது. எஸ்டிஏ வயரைக் குறைந்தது 60 மைக்ரோ செக்கன் கீழே பிடித்து, பிறகு ஒன்றரை மில்லி செக்கன் பொறுத்தால்தான் எழும்பும். கிரிப்டோஆத்லிப் நூலகம் இதைத் தானே செய்யும். நீங்களே நிரல் எழுதினால் மறக்க வேண்டாம். எழும்பியதும் வரிசை எண்ணை வாசியுங்கள். ஒன்பது பைட், 01 23 என்று தொடங்கி ஈஈ என்று முடிந்தால் சிப்போடு சரியாகப் பேசுகிறீர்கள்.

அடுத்து, எந்த அறை எப்படி நடக்க வேண்டும் என்ற விதிகளை வைத்திருக்கும் அமைப்பு வலயத்தின் 87ஆவது பைட்டைப் பாருங்கள். பதினறும 55 என்றால் இன்னும் பூட்டவில்லை. 00 என்றால் உங்களுக்கு முன்பே யாரோ பூட்டிவிட்டார்கள். சில ஆயத்த வகைகள் தொழிற்சாலையிலேயே பூட்டி வரும், அது வேறு விடயம். அப்படி இல்லாமல், வெற்றுச் சிப் என்று விற்ற ஒன்று பூட்டியிருந்தால் அதை வலையமைப்பில் சேர்க்காதீர்கள். விலை மலிவு என்று முகம் தெரியாத இணையக் கடையில் வாங்காமல் அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தரிடம் வாங்கச் சொல்வதும் இதனால்தான்.

நான்காம் படி: சாவி உள்ளேயே பிறக்கட்டும்

இந்த வேலை முழுவதிலும் மிக முக்கியமான இடம் இதுதான். சாவியை மடிக்கணினியில் உருவாக்கிச் சிப்புக்குள் எழுதாதீர்கள். சிப்பிடம் கேளுங்கள், அது தன் சீரற்ற எண்ணிலிருந்து தனிச்சாவியை உள்ளேயே உருவாக்கிக்கொண்டு, கையொப்பத்தை யாரும் சரிபார்க்க உதவும் பொதுச்சாவியை மட்டும் வெளியே தரும். 64 பைட் எண் ஒன்று உங்கள் திரையில் வரும். தனிச்சாவி எது என்று உங்களுக்குத் தெரியாது, சிப்பை விற்றவருக்குத் தெரியாது, நாளைக்குப் பெட்டியைக் கழற்றுபவரும் வயர் போட்டு வாசிக்க முடியாது.

வரிசை இப்படி: முதலில் எந்த அறைக்கு என்ன வேலை என்ற அமைப்பை எழுத வேண்டும். நூலகத்தோடு வரும் மாதிரி அமைப்பிலிருந்து தொடங்குங்கள். பூச்சியத்திலிருந்து எழுதுவது முதல் தடவைக்குத் தேவையில்லாத சிரமம். பிறகு அமைப்பு வலயத்தைப் பூட்ட வேண்டும். அதன் பின் சாவியை உருவாக்கி, பொதுச்சாவியையும் வரிசை எண்ணையும் பதிவேட்டில் எழுதி, தரவு வலயத்தையும் பூட்ட வேண்டும்.

பூட்டினால் பூட்டியதுதான். இரண்டு பூட்டுக்கும் திரும்பும் வழி கிடையாது. பிழையான அமைப்போடு பூட்டிய சிப்பைக் கழற்றி எறியத்தான் வேண்டும். ஆகவே பத்துக் கணு வைக்கப் போகிறீர்கள் என்றால் பதின்மூன்று சிப் வாங்குங்கள். முதல் மூன்று பழகுவதற்கு. ஒரு சிப்பில் முழு வரிசையையும் செய்து, கையொப்பம் போட வைத்து, மடிக்கணினியில் பொதுச்சாவியால் சரிபார்த்த பிறகே மற்றவற்றைத் தொடுங்கள். இதை இணையத்தில் இணைக்காத ஒரு கணினியில், ஒரே மேசையில், ஒரே ஆள் இருந்து செய்வது நல்லது. பதிவேட்டில் கணுவின் பெயர், கிணற்றின் குறியீடு, வரிசை எண், பொதுச்சாவி, திகதி, செய்தவர் பெயர். எக்செல் தாள் போதும், ஆனால் இரண்டு பிரதி வையுங்கள்.

ஐந்தாம் படி: செய்தியை அடுக்குதல்

இனி ஒவ்வொரு வாசிப்புக்கும் கையொப்பம் போட்டு அனுப்பலாமே என்று தோன்றும். கணக்குப் பாருங்கள். பி-256 கையொப்பம் மட்டும் 64 பைட். லோரா கணுக்களை வலையமைப்பாக இணைக்கும் நெறிமுறையான லோராவானின் ஐரோப்பிய வரிசையில் மிக மெதுவான வேகத்தில் ஒரு செய்திக்கு 51 பைட்தான் இடம். கையொப்பமே உள்ளே அடங்காது.

அதனால் இரண்டு அடுக்காகச் செய்யுங்கள். கணுவின் தனிச்சாவியையும் சேர்வரின் பொதுச்சாவியையும் சேர்த்து, நீள்வளைய டிஃபி-ஹெல்மன் முறையில் ஒரு பொது இரகசியத்தை உண்டாக்கலாம். 608இல் அந்த விடை வெளியே வராமல் நேரே இன்னொரு அறைக்குள் போகும்படி அமைக்க முடியும். அந்த இரகசியத்தைக் கொண்டு ஒவ்வொரு வாசிப்புக்கும் எச்மாக் முத்திரை (இரகசியம் தெரிந்தவர் மட்டுமே உண்டாக்கவும் சரிபார்க்கவும் முடிகிற குறி) போட்டு, அதன் முதல் 8 பைட்டை மட்டும் அனுப்புங்கள். வாசிப்பு 12 பைட், எண்ணி 4 பைட், முத்திரை 8 பைட், மொத்தம் 24. மிக மெதுவான வேகத்தில்கூட ஏறத்தாழ 2 செக்கனில் வானேறிவிடும்.

லோராவானிலேயே ஒரு முத்திரை இருக்கிறதே என்றால், ஆம், 4 பைட்டில் இருக்கிறது. ஆனால் அதைச் சரிபார்ப்பது நெட்வொர்க் சேர்வர். அதன் மூலச்சாவி வழக்கமான போர்டுகளில் ஃப்ளாஷில் கிடக்கிறது. கிணற்றிலிருந்து உங்கள் தரவுத்தளம் வரைக்கும் ஒரே முத்திரை உடையாமல் வருவதற்குத்தான் இந்த இரண்டாவது.

எண்ணி எதற்கு என்றால் பழைய செய்தியைத் திரும்ப அனுப்பும் வேலையைத் தடுக்க. கடைசியாகக் கண்ட எண்ணைவிடப் பெரிய எண் வந்தால் மட்டும் சேர்வர் ஏற்க வேண்டும். 608 சிப்பில் ஏறுமுகமாக மட்டும் போகும் எண்ணி உள்ளேயே உண்டு. பற்றரி செத்தாலும் மறக்காது. அதன் உச்சம் 2,097,151. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு வாசிப்பு என்றால் வருடத்துக்கு 35,040. ஏறத்தாழ 60 வருடம் தாங்கும். நிமிடத்துக்கு ஒன்று என்று வைத்தால் நாலே வருடத்தில் முடிந்து, அந்தச் சிப்பையே மாற்ற வேண்டி வரும். கிணற்று நீர் நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதில்லை, பதினைந்து நிமிடம் தாராளம்.

இந்த முத்திரையில் ஒரு குறை உண்டு. அதே இரகசியம் சேர்வரிடமும் இருப்பதால், சேர்வரை வைத்திருப்பவரும் முத்திரையை உண்டாக்கலாம். ஊரில் ஒரு தகராறு வந்து, நீங்களே எண்ணை மாற்றினீர்கள் என்று யாராவது சொன்னால் பதில் இல்லை. அதனால் நாளுக்கு ஒரு தடவை, அன்றைய 96 வாசிப்புகளின் எஸ்எச்ஏ-256 சுருக்கத்துக்குக் கணுவின் தனிச்சாவியால் முழுக் கையொப்பம் போட்டு, 32 பைட்டாக இரண்டு துண்டில் அனுப்பச் சொல்லுங்கள். பொதுச்சாவி உள்ள யாரும் அதைச் சரிபார்க்கலாம். சேர்வர்காரரால் போலியாகச் செய்ய முடியாது. தவறிப்போன வாசிப்புகளைக் கணுவிடம் திரும்பக் கேட்டு வாங்கும் வசதி இதற்குத் தேவை, ஆகவே அன்றைய வாசிப்புகளைக் கணு தன்னிடம் வைத்திருக்க வேண்டும். கூடுதல் வேலைதான். என் கருத்தில், ஊர்த் தண்ணீரை அளக்கிற வலையமைப்பு இதைச் செய்யாமல் இருக்கக் கூடாது.

ஆறாம் படி: நிரலைப் பூட்டுதல்

பலர் சிப்பைப் பொருத்தியதோடு நிறுத்திவிடுகிறார்கள். சிப் தன்னிடம் கேட்பது யார் என்று பார்ப்பதில்லை. கேட்டால் கையொப்பம் போடும். நிரலை மாற்றிய ஒருவர் பொய் வாசிப்பைக் கொடுத்தாலும் அழகாக முத்திரை குத்தித் தரும். சிப்பைச் சூடாக்கி எடுத்து வேறு போர்டில் ஒட்டினாலும் அதே கதை.

இதற்கு மூன்று வேலை. முதலாவது, இஎஸ்பி32இன் செக்யூர் பூட் இரண்டாம் பதிப்பை இயக்குங்கள். உங்கள் கையொப்பம் இல்லாத நிரல் ஓடாது. இரண்டாவது, ஃப்ளாஷ் குறியாக்கத்தை இயக்கி, களத்துக்குப் போகும் கணுவில் டெவலப்மென்ட் மோடை விட்டு ரிலீஸ் மோடுக்கு மாற்றி, சிப்பின் உள்ளே பார்க்க உதவும் ஜேடேக் இணைப்பையும் முடக்குங்கள். மூன்றாவது, 608இல் தனிச்சாவி அறையைப் பயன்படுத்துமுன் இன்னொரு சாவியால் அனுமதி காட்ட வேண்டும் என்று அமைத்து, அந்த அனுமதிச் சாவியைக் குறியாக்கிய ஃப்ளாஷில் வையுங்கள். அப்போது இரண்டு சிப்பும் ஒன்றுக்கொன்று கட்டுப்பட்டவை. ஒன்றைப் பிரித்து எடுத்தால் மற்றது பயன்படாது. இந்த மூன்றாவதை நான்காம் படியில் அமைப்பைப் பூட்டுமுன்பே முடிவுசெய்ய வேண்டும் என்பதைக் கவனியுங்கள்.

நிரலுக்குக் கையொப்பம் போடும் சாவி தொலைந்தால் அந்தக் கணுக்களுக்கு இனிப் புது நிரல் ஏற்றவே முடியாது. அதை இரண்டு யூஎஸ்பியில், இரண்டு வீட்டில் வையுங்கள். கூகிள் ட்ரைவில் வேண்டாம்.

ஏழாம் படி: கேட்வே

கணுக்களின் ரேடியோச் செய்தியை வாங்கிச் சேர்வருக்கு அனுப்பும் கேட்வே ராஸ்பெரி பை என்றால் இன்ஃபினியன் எஸ்எல்பி 9670 டிபிஎம் 2.0 போர்டு ஒன்றைப் பொருத்தி, சேர்வரோடு பேசும் சாவியை எஸ்டி கார்டிலிருந்து அதற்கு மாற்றுங்கள். இயல்புக் கடவுச்சொல் இருந்தால் அதை மாற்றுங்கள், தொலைவிலிருந்து நுழையும் எஸ்எஸ்எச்சைச் சாவி வழி மட்டும் திறந்து விடுங்கள். வாசிப்பின் முத்திரையைக் கேட்வே உடைப்பதில்லை என்பதால் இங்கே அதற்கு மேல் கவலைப்பட வேண்டியதில்லை.

எட்டாம் படி: கிணற்றடியில்

முதல் தாளில் எழுதிய நான்காவது பயம் நினைவிருக்கும். நிலாவரைக் கிணற்றைப் பற்றி எல்லோருக்கும் தெரியும்: மேலே நன்னீர், ஆழத்தில் உவர். எல்லாக் கிணறும் அவ்வளவு ஆழமில்லை, ஆனால் ஆழம் கூடக் கூட உப்பு கூடுவது பல இடங்களில் உண்டு. உப்பு சென்சரின் வயரை ஒரு பாகம் கீழே விட்டால் வாசிப்பு ஏறும், மேலே இழுத்தால் இறங்கும். குறியாக்கம் அந்தப் பொய்யை மெய்யென்று முத்திரை குத்தி அனுப்பும். தண்ணீர் அள்ளும் வாளி தட்டினாலே இது நடக்கும். கெட்ட எண்ணம் தேவையில்லை.

ஆகவே உப்பு சென்சரோடு அதே வயரில் ஓர் அழுத்த சென்சரும் கட்டுங்கள். நீர்மட்டம் மெல்லத்தான் மாறும். இறைப்பு மோட்டர் ஓடும்போதுகூடப் படிப்படியாகத்தான் இறங்கும். ஒரு வாசிப்புக்கும் அடுத்ததுக்கும் இடையில் அழுத்தம் துள்ளியிருந்து, அது அப்படியே நின்றுவிட்டால் வயரை யாரோ அசைத்திருக்கிறார்கள். வயரைக் கிணற்றுக்கட்டில் துருப்பிடிக்காத கவ்வியால் இறுக்கி, கட்டின் விளிம்பு வரும் இடத்தில் பெயின்றால் ஒரு கோடு போடுங்கள். தோட்டக்காரரே ஒரு பார்வையில் கோடு நகர்ந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார்.

பெட்டி ஐபி67 தரத்தில் இருக்கட்டும்; உள்ளே சிலிக்கா ஜெல் பை, வயர் நுழையும் வாயில் இறுக்கமான கிளாண்ட். ஐப்பசி, கார்த்திகை மழையைவிட எறும்புதான் பெரிய தொல்லை. மூடி திறந்தால் இஎஸ்பி32ஐ எழுப்பும் ஒரு சின்ன சுவிட்ச் வையுங்கள். திறந்த செய்தி வந்தால் அந்தக் கணுவின் வாசிப்புகளைச் சேர்வர் தனியே ஒதுக்கி வைக்கட்டும். பெட்டியின் மேலே இது என்ன, யாருடையது என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள். என்னவென்று தெரியாத பெட்டியைத்தான் திறந்து பார்க்கத் தோன்றும். காணிக்காரரிடம் முதலிலேயே உட்கார்ந்து விளக்கிச் சொல்வதும் பாதுகாப்பு வேலையில் ஒரு பகுதி.

ஒன்பதாம் படி: நீங்களே தாக்கிப் பாருங்கள்

கொண்டுபோய் வைக்குமுன் மேசையில் நாலு சோதனை. நேற்றைய செய்தியைத் திரும்ப அனுப்புங்கள், சேர்வர் தள்ளுகிறதா? கையொப்பம் இல்லாத நிரலை ஏற்றுங்கள், கணு நிற்கிறதா? 608ஐக் கழற்றி இன்னொரு போர்டில் பொருத்திக் கையொப்பம் கேளுங்கள், மறுக்கிறதா? பற்றரியைப் பிடுங்கித் திரும்பச் செருகுங்கள். எண்ணி விட்ட இடத்திலிருந்து தொடர்கிறதா? நண்பர் ஒருவரிடம் கணுவைக் கொடுத்து, ஒரு கிழமை வைத்து என்ன வேண்டுமென்றாலும் செய்யச் சொல்வது இன்னும் நல்லது. கட்டியவர் கண்ணுக்குப் படாத ஓட்டை வேறொருவர் கண்ணுக்குப் படும்.

ஒரு கணு காணாமல் போனால்

ஆய்வகத்தில் லேசர் வைத்து இந்த வகைச் சிப்புகளின் இரகசியத்தையும் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். விலையுயர்ந்த கருவியும் திறமையும் நாட்களும் வேண்டும்; ஒரு வெங்காயத் தோட்டத்து சென்சருக்காக அதைச் செய்பவர் அரிது. செய்தாலும், ஒவ்வொரு கணுவுக்கும் தனிச்சாவி இருப்பதால் போவது அந்த ஒன்று மட்டும்தான். மற்றக் கணுக்களைத் தொடவே தேவையில்லை.

காணாமல் போனது தெரிந்த உடனே பதிவேட்டில் அந்தக் கணுவை முடக்கியது என்று திகதி, நேரத்தோடு குறியுங்கள்; சேர்வரில் அதன் செய்திகளை நிறுத்துங்கள். கடைசி நல்ல வாசிப்பின் எண்ணியையும் எழுதுங்கள். அதே கிணற்றுக்குப் புதுக் கணு வைக்கும்போது பழைய பெயரைத் திரும்பக் கொடுக்காமல் புதுப் பெயரும் புதுச் சிப்பும் கொடுங்கள். பெட்டி பிறகு வேலிக்கரையில் கிடந்து கிடைத்தாலும் அப்படியே திரும்பப் பூட்டாதீர்கள். மேசைக்குக் கொண்டுவந்து நாலு சோதனையையும் மறுபடி செய்யுங்கள். முடக்கிய கணுவின் பொதுச்சாவியை மட்டும் பதிவேட்டிலிருந்து அழிக்க வேண்டாம். அது கையொப்பம் போட்ட பழைய நாட்களின் வாசிப்பைப் பிறகு யாராவது சரிபார்க்கக் கேட்டால், அந்தச் சாவி இல்லாமல் காட்ட முடியாது.